மெதுவாகப் பேசத் தொடங்கிய வீடு

தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது பாப்பாவின் அழுகை கேட்டது.

மதிய நேரம். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு இரண்டாம் ஷிப்ட் போகிறவர்களின் பைக் சத்தம் தெருவில் ஓய்ந்திருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கூடத்தில் தூளி, தூளிக்குப் பக்கத்தில் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய; எங்களுடையதும் அதில் ஒன்று. அவர் இருக்கிறார் என்பதால் நான் அவசரப்படவில்லை. எடுத்துவிடுவார் என்று சீயக்காயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அழுகை நிற்கவில்லை. பசி அழுகை விட்டு விட்டு வரும். இது மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே வீச்சாக வந்தது. "நைனா" என்று கதவுக்கு உள்ளிருந்தே கூப்பிட்டேன். பதில் இல்லை. கடைக்குப் போயிருப்பாரோ என்று பயந்து, நுரையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

அவர் எங்கேயும் போகவில்லை. தூளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நார் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பின்னால் தூளித் துணி உதறிக்கொண்டிருந்தது.

நான் குழந்தையை எடுத்தபோது என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் கையில் விழுந்தது. அப்போதுதான் திரும்பினார்.

"இன்னாம்மா, அதுக்குள்ள எய்ந்துட்டாளா? இப்பதான தூங்கினா," என்றார்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றேன். அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

யார் பார்த்துக்கொள்வது

போன முறை இங்கே பிரசவ வார்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பேத்தியைப் பார்த்ததும் தாத்தா என்ன சொன்னார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. துண்டை விலக்கி முதலில் கை விரல்களை எண்ணினார். பிறகு கால். "எல்லாம் கரெக்டா கீது," என்று நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். காலம் முழுக்க பவர் பிரஸ்ஸில், அசந்தால் விரலை எடுத்துவிடுகிற மெஷினில், தகடு வெட்டியவருக்கு, ஒரு மனிதரைப் பார்த்தால் முதலில் விரல்தான் கண்ணில் படும்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வரிசைப்படுத்தித்தான் யோசிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, என் பிரசவ விடுப்பு முடியப்போகிறது. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் தர ஆய்வில் இருக்கிறேன். டிப்ளமோ முடித்து, பயிற்சி ஆளாகச் சேர்ந்து, நிரந்தரம் ஆவதற்குள் பட்ட பாடு தனியாக எழுத வேண்டியது. இரண்டு, என் கணவர் அருளுக்கும் அங்கேதான் வேலை, வேறு கம்பெனி, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மூன்று, மாமியார் பொன்னேரிக்குப் பக்கத்தில் நாத்தனாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நான்கு, அம்மா காக்களூரில் மாத்திரை பேக்கிங் செய்யும் யூனிட்டில் இருக்கிறாள். இப்போதுதான் ஒரு லைனுக்கே பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். அதற்கென்று கொடுத்த நீல கோட்டைத் தினமும் அயர்ன் செய்து போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும்.

மீதி இருப்பது நைனா. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். நான் ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு இங்கே வந்தபோது அவரே சொன்னார்: "புள்ளய நான் பாத்துக்கறேன். நீயும் அம்மாவும் வேலய வுட்டுடாதீங்க." அதனால்தான் நானும் அருளும் கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டோம். கம்பெனி பஸ் இரண்டும் இந்தப் பக்கம் வரும்.

தெருவில் கிண்டலுக்குக் குறைவில்லை. "இன்னாண்ணே, ஆயா வேலைக்கு சேந்துட்டியாமே," என்று எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா கேட்பார். "ஆமாம்மா. காண்ட்ராக்ட் இல்ல, பர்மனெண்ட்டு," என்பார் நைனா.

அந்த மதியத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. குழந்தை அழுவது காதில் விழாதவரிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. அவரிடம் விட முடியாது என்றால், அம்மா அந்தக் கோட்டைக் கழற்ற வேண்டும், அல்லது நான் என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை.

சத்தத்தில் வளர்ந்தவர்கள்

பள்ளிக்கூடத்து நாட்களில் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். கம்பெனி பெயர் வேண்டாம். கேட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே அவருடைய பிரஸ் ஷாப் என் காலுக்குத் தெரிந்துவிடும். டம், டம் என்று தரை வழியாகச் செருப்புக்குள் ஏறும். உள்ளே வரிசையாக பிரஸ்கள். ஒவ்வொன்றும் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கும். எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாடை. காதில் பஞ்சு வைத்திருந்தவர்கள் ஒரு சிலர்தான். அதுவும் மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சைக் கிள்ளி வைத்தது.

அங்கே யாரும் வாயால் பேசமாட்டார்கள். கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. தோளில் இரண்டு விரலைத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சுழற்றினால் மெஷினை ஓட்டு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து.

அந்தப் பாஷை எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சோறு போடும்போது நைனா உள்ளங்கையை விரிப்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று நான் தெருமுனையில் திரும்பும்போதே ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டினேன். அவர் அங்கேயே புரிந்துகொண்டு மிட்டாய் வாங்கக் கிளம்பிவிட்டார்.

கை போக, மிச்சம் எல்லாம் கத்தல்தான். அருள் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதைச் சண்டை என்று நினைத்து, அருளின் மாமா சமாதானம் செய்ய எழுந்துவிட்டார். இன்றைக்கும் பொன்னேரியில் அது ஒரு கதை.

இதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, உரக்கப் பேசி, கையையும் ஆட்டுகிற வீட்டில் ஒருவருக்குக் காது போனால் எப்படித் தெரியும்?

பாப்பா வந்த பிறகு வீடு மாறியது. தூங்குகிற குழந்தைக்காக எல்லாரும் குரலைத் தாழ்த்தினோம். டிவி நின்றது. அம்மா பாத்திரத்தைத் துணி விரித்து வைக்கப் பழகினாள். நானும் அம்மாவும் அடுப்பங்கரையில் நின்று கிசுகிசுத்தே ஒரு நாளை ஓட்டிவிடுவோம். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. இந்த வீட்டில் மின்விசிறி எந்தப் பக்கம் கொஞ்சம் முனகும் என்பதுகூட இப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அந்த அமைதிக்கு வெளியே ஒருவர் இருந்தார். நாங்கள் சிரிக்கும்போது அவர் ஒரு நொடி கழித்துச் சிரித்தார். பேச்சு நடக்கிற இடத்திலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார். நான் அதைப் பேத்தி வந்த கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

குளியலறை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"எனுக்கு தெரியும்."

"எப்போலருந்து?"

"நீ பாலிடெக்னிக் படிக்கச்சொல்லவே, அப்பலருந்தே. நான் எதிர்ல போய் நின்னுதான் பேசுவேன். பின்னாலருந்து கூப்டமாட்டேன்."

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அவுரு மனசு கஷ்டப்படும்."

அன்று சாயங்காலம் நைனாவிடமே கேட்டேன், எதிரே நின்று, உரக்க. அவர் சிரித்தார். "எனுக்கா? கம்பெனில வருஷா வருஷம் காது டெஸ்ட்டு எடுத்தாங்கம்மா. எல்லா வருஷமும் நார்மல். அன்னிக்கு ஏதோ யோசனயா இருந்திருப்பேன்."

என் தொழிலே பரிசோதனை முடிவை நம்புவது. ஒரு பாகம் அளவில் சரி என்று வந்துவிட்டால் அதைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டேன். அதனால் நிஜமாகவே குழம்பினேன். ஒருவேளை கவனக் குறைவுதானோ?

துரை மாமா வந்த அன்று

அந்த வாரம் அம்மாவின் விடுமுறை நாளில் துரை மாமா குழந்தையைப் பார்க்க வந்தார். நைனாவுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். கடம்பத்தூரில் வீடு. ஒரு பை நிறைய கொய்யாவும் ஒரு கிலுகிலுப்பையும் கொண்டுவந்திருந்தார்.

தூளியை எட்டிப் பார்த்துவிட்டு, "டேய் ஏகாம்பரம், உன்ன மாதிரியே கீறாடா. மொட்ட," என்றார்.

"அவளுக்கு மொளைக்கும்டா. நமக்குதான் மொளைக்காது."

இருவரும் தூளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். பேச்சு பிரஸ் ஷாப் அளவுக்கு ஏறியது. அம்மா டீயை வைத்துவிட்டு, "மெதுவா பேசுங்கண்ணா, கொயந்த தூங்குது," என்றாள்.

"இன்னா?" என்றார் துரை மாமா.

அம்மா தூளியைக் காட்டினாள்.

"மெதுவாவா? நாங்களா? எங்க ரெண்டு பேருக்கும் காது புட்டுக்கினு எத்தினி வருஷம் ஆவுது தங்கச்சி."

"உனுக்கு போச்சு," என்றார் நைனா. "எனுக்கு நார்மல்."

துரை மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "யார்கிட்ட கத வுடற? அந்த வித்தைய எங்களுக்கு கத்துக் குடுத்ததே நீதானடா."

பிறகு என்னைப் பார்த்து விளக்கமாகச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை வண்டி கம்பெனிக்குள் வரும். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்வார்கள். வண்டிக்குள் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் சத்தம் அனுப்புகிற பெண் உட்கார்ந்திருப்பார்.

"ஒங்க நைனா கண்டுபுடிச்சான் பாரு. அந்தப் பொண்ணு சத்தம் அனுப்பற நேரத்துல அதோட தோளு லேசா அசையும். அத பாத்து நாம அமுக்கினா போச்சு. கியூல நிக்கிறவனுக்கெல்லாம் இவன்தான் ட்ரெய்னிங். 'காத வுடு, கண்ண தொற'ன்னுவான். மொத்த ஷாப்பும் பாஸு."

"ஏன் மாமா அப்படி?"

"ஃபெயில் ஆனா பிரஸ்ஸ வுட்டு எட்த்துடுவாங்கம்மா. ஸ்டோர்ல ஒக்காந்து அட்டப்பொட்டி எண்ணணும். பிரஸ்ஸுல நின்னவன் அங்க போய் ஒக்காருவானா?"

நைனா குனிந்து டீயை உறிஞ்சியபடி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். துரை மாமா அடுத்த கதையை ஆரம்பித்தார். ஒருவன் அந்தப் பெண் தும்மியதற்கும் பட்டனை அமுக்கிய கதை.

பாதியில் பாப்பா விழித்துக்கொண்டாள்.

முதலில் முனகல். பிறகு அழுகை. பிறகு வீறல். அம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நான் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு ஆண்களுக்கும் நடுவில், இருவர் முழங்காலும் தொடுகிற இடத்தில், ஒரு குழந்தை உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர்கள் இருவரும் தும்மல் கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உடனே ஓடவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றேன்.

நைனா தற்செயலாக என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன இடத்துக்குத் திரும்பினார். தூளிக்குள் விரியத் திறந்த சின்ன வாயைக் கண்டார். அவர் சிரிப்பு நின்றது. டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு இன்னொரு கையைக் குழந்தையின் மார்பில் வைத்தார். அந்த அதிர்வு அவர் உள்ளங்கையில் ஏறியிருக்க வேண்டும்.

துரை மாமா இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினார். "இன்னாடா?" என்றார்.

கண்ணாடி

துரை மாமா போன பிறகு நைனாவின் எதிரே உட்கார்ந்தேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம் நைனா. காது டெஸ்ட்டுக்கு. நெஜ டெஸ்ட்டு," என்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இருட்டின பிறகு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்று அம்மா என்னை முறைத்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றிருந்தார். "எந்த ஆஸ்பத்திரி? சீக்கிரம் போனாதான் டோக்கன் கெடைக்கும். நாஷ்டா அங்கயே பாத்துக்கலாம்," என்றார்.

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் காது பரிசோதிக்கிற அறைக்குள் இன்னொரு குட்டி அறை. சுவருக்கெல்லாம் பஞ்சு மெத்தை. ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் மெஷினுக்கு முன்னால் என் வயதில் ஒரு பெண். நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது.

கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குத் துரை மாமா சொன்ன வண்டி ஞாபகம் வந்தது. இவர் மறுபடியும் பாஸ் ஆகிவிட்டால்? அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய் எடுத்தேன். அதற்குள் நைனா உள்ளே போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ம்மா, இத செவுத்து பக்கம் திருப்பிப் போட்டுக்கறேன்," என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா, இப்படியே உக்காருங்க."

"இல்லம்மா. இப்பிடி ஒக்காந்தா நான் உன்ன பாத்து அமுக்கிடுவேன். கை பழகிப்போச்சு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அவர் பட்டனை அமுக்கினால் எங்கள் பக்கத்து மெஷினில் ஒரு சிறு விளக்கு எரியும். தடித்த சத்தங்களுக்கு எரிந்தது. சத்தம் கீச்சென்று உச்சத்துக்குப் போகப் போக எரியவில்லை. அந்தப் பெண் ஒலியைக் கூட்டினார். எரியவில்லை. இன்னும் கூட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை முதுகு அசையாமல் இருந்தது. கட்டை விரல் பட்டனின் மேலேயே காத்திருந்தது. ஒருமுறைகூட அவர் பொய்யாக அமுக்கவில்லை.

ஆம்பிளைக் குரலும் வண்டிச் சத்தமும் கேட்கும், பெண்கள் பேசுவது பாதி கேட்கும், அதற்கு மேலே இருக்கிற சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன என்று அந்தப் பெண் சொன்னார். போனது திரும்பாது. காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம்.

"மிசினு வச்சா கொயந்த அழறது கேக்குமா?" என்று கேட்டார் நைனா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கும் ஐயா. ஆனா பழகணும். மொதல்ல கஷ்டமா இருக்கும்."

சட்டைப் பை

மெஷின் கைக்கு வர நாளானது. வந்த பிறகு முதல் வாரம் அவர் வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோனவர் மாதிரி திரிந்தார். பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் திடுக்கிடுவார். "காக்கா இப்பிடியா கத்தும்?" என்பார். ஒருநாள் அம்மாவைப் பார்த்து, "உன் வளையல் சத்தம் போடுது," என்றார். "இத்தினி வருஷமா போட்டுக்கினுதான் கீது," என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் வேலைக்கு நடுவில் கையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டிருந்த மாதிரி எனக்குப் பட்டது.

நான் பயிற்சித் திட்டம் போட்டேன். பாப்பாவின் அழுகையை போனில் பதிந்து, அடுத்த அறையிலிருந்து முதலில் மெதுவாக, பிறகு உரக்க. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் கை காட்ட வேண்டும். நன்றாகத்தான் போனது. பால் சூடு பண்ணுவது, தோளில் தட்டி ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் எனக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டிருந்தார். அவர் மடிக்கிற துணியில் நான்கு மூலையும் ஒன்றாக இருக்கும்.

விடுப்பு முடிய சில நாட்களே இருந்தபோது, கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பாப்பா அழுதுகொண்டிருந்தாள். நைனா தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய நிம்மதி. அவர் காதைப் பார்த்தேன். காலி. சட்டைப் பை புடைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் கை பைக்குப் போனது. "காதுல ஊசி வச்சி குத்தற மாதிரி கீதும்மா. பேஜாரா கீது. அழச்சொல்ல மட்டும் கழட்டிடறேன். அப்பறம் மாட்டிக்கறேன்."

எதற்காக வாங்கினோமோ, அந்தச் சத்தத்துக்கு மட்டும் கழற்றுகிறார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தினால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். அதனால் அவருடைய பழைய பிரஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், தள்ளித் தள்ளி. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்காது. அவசரக்காரர்கள் ஒரு பட்டனை ரப்பர் வைத்துக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். நைனா கட்டமாட்டார். மற்றவர்கள் கட்டியதையும் அறுத்துப் போடுவார். அதற்காக அடிதடி வரைக்கும் போனதுண்டு.

"நைனா, ஒரு பட்டன கட்டிட்டு பிரஸ் ஓட்டுவியா?"

"நான் என்னிக்கு ஓட்டினேன்? இன்னாத்துக்கு கேக்கற?"

"இப்ப அதத்தான் பண்ற."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாப்பாவை. அவள் அழுகையில் ஒரு குறைச்சலும் இல்லை. "இவள புடி," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து எடுத்து ஒரு காதில் மாட்டினார். முகம் சுருங்கியது. இன்னொன்றையும் மாட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை நீட்டிக் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் வாய் அவர் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். அவள் அடங்கும் வரைக்கும் நடந்தார்.

மறுநாளே அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் போய்ச் சொல்லி, கூச்சல் குத்தாத அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு நான் சட்டைப் பையைச் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றிய நேரங்களில் வேறு வேலையைப் பார்த்தேன்.

வேலைக்குத் திரும்பிய காலை

முதல் ஷிப்ட். விடிகிற நேரம். அருள் இரவு ஷிப்ட் முடித்து இன்னும் வந்து சேரவில்லை. அம்மா எனக்கு டப்பா கட்டிவிட்டுத் தன் கோட்டை அயர்ன் செய்துகொண்டிருந்தாள். பால் ஃபிரிட்ஜில். மாற்றுத் துணி கூடையில். எனக்கு, அருளுக்கு, அம்மாவின் யூனிட்டுக்கு எந்த எண்ணை அமுக்க வேண்டும் என்று நைனாவின் போனில் பதிந்து வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா தூங்கினாள். மேல் உதடு மட்டும் பால் குடிக்கிற மாதிரி அசைந்தது. அவள் மூச்சு வருகிறதா, போகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் விடுப்பு நீட்டிக் கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கேட்கக் கூடாது என்று முடிவு எடுத்தவளும் நான்தான். ஒரு வாரம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கள் லைனில் அப்படி வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

நைனா எதிரே உட்கார்ந்திருந்தார், சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, வேலைக்குப் போகிறவர் மாதிரி.

"கெளம்பு," என்றார்.

"பஸ்ஸு இன்னும் வரல நைனா. வந்தா முக்குல ஆரன் அடிப்பாங்க."

"அடிச்சாச்சு."

நான் அவரைப் பார்த்தேன். என்னைத் துரத்துவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எனுக்கு ஒண்ணும் கேக்கலயே," என்றாள்.

"அடிச்சாச்சுன்றேன். போம்மா."

எழுந்து பையை எடுத்தேன். வாசற்படி இறங்கும்போது ரேஷன் கடை வளைவிலிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, பொறுமை போன ஹாரன். ஓடினேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது; கதவைத் தட்டி ஏறினேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாம்மா, மொத நாளேவா? அப்பவே ஒரு வாட்டி அடிச்சனே, கேக்கலியா?"

"கேட்டுதுண்ணா," என்றேன். "ஊட்ல கேட்டுது."